மாலைதீவுக்கு ஓர் உல்லாசப் பிரயாணம்

பதினொரு மாதம் பாலைவனத்து வெயிலில் உழைப்பவனுக்குப் பன்னிரண்டாம் மாதத்தில் மனக்கண்முன் தோன்றுவன நீரும் நிழலுமேயாம். டுபாய், அபுதாபி, டோஹா முதலிய வளைகுடா நகரங்களிலே ஆடி, ஆவணி மாதங்களில் வெப்பம் 40 பாகையைக் கடந்து நிற்கும். பாடசாலைகளுக்கு நீண்ட விடுமுறை வருவதும் அக்காலத்திலேதான். இம்முறை எங்கே செல்வது என்று குடும்பத் தலைவன் கேட்டவுடன் பிள்ளைகள் ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். நீலக் கடலின் நடுவே தென்னை செறிந்த சிறு தீவு. அதன் ஓரத்தில் நீரின்மேல் காலூன்றி நிற்கும் மரக் குடில்கள். மாலைதீவின் படம் அது.

படத்தைப் பார்த்துப் பணத்தைக் கட்டுதல் எளிது. ஆயினும் பல மாதச் சேமிப்பு ஒரு கிழமையிலே கரைந்துபோகக்கூடிய இடம் அது. ஆதலால் காற்றையும், கடிகாரத்தையும், கணக்கையும், அந்நாட்டின் இயல்பையும் அறிந்து புறப்படுதல் நன்று. எமது தமையனார் டுபாயிலே தொழில் புரிபவர். அவர் குடும்பத்துடன் ஓர் ஆகஸ்ட் மாதத்தில் ஆறு இரவுகள் அத்தீவுகளிலே தங்கும் வாய்ப்பு எமக்குக் கிடைத்தது. திட்டம் வகுக்கும் பொறுப்பு ஆசிரியத் தொழிலில் இருக்கும் எம்மிடமே ஒப்படைக்கப்பட்டது. அதன் பயனாக நாம் அறிந்தவற்றை, வளைகுடாவில் உறவினரைக் கொண்ட வாசகர்களுக்காகவும், புவியியல் பயிலும் மாணவர்களுக்காகவும் இங்கே எழுதுகின்றோம்.

கங்கணம் போன்ற தீவுகள்

மாலைதீவு ஒரு தீவன்று; ஏறத்தாழ 1,190 சிறு தீவுகளின் கூட்டம். வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீற்றருக்கும் மேலாக அவை நீண்டு கிடக்கின்றன. மக்கள் நிலையாக வாழும் தீவுகள் 200க்கும் குறைவானவையே. நம் பாடநூல்கள் கங்கண முருகைக்கற்றீவு என்று குறிப்பிடும் வகையைச் சேர்ந்தவை இவை. ஆங்கிலேயர் அதற்கு வழங்கும் 'அற்றோல்' என்ற சொல்லே மாலைதீவு மக்களின் திவெகி மொழியிலிருந்து சென்றதாகும்.

கடலிலே அமிழ்ந்துபோகும் ஓர் எரிமலையைச் சுற்றி முருகைக்கற்பார் மேல்நோக்கி வளர்ந்துகொண்டே வருகிறது. மலை மறைந்த பின்னரும் பார் மாத்திரம் வளையமாக எஞ்சி நிற்கிறது. சாள்ஸ் டார்வின் 1842ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே இவ்விளக்கத்தைக் கூறினார். வளையத்தின் நடுவே அமைதியான கடனீரேரி. வளையத்தின்மேல் ஆங்காங்கே மணல் ஒதுங்கித் தீவுகள். அந்த வெண்மணலின் பெரும்பகுதி கிளிமீன்களின் கொடை என்பதைக் கேட்டு எமது பெறாமக்கள் வியந்தனர். அம்மீன்கள் முருகைக்கல்லைக் கடித்து அரைத்து, உணவானதைக் கொண்டு எஞ்சியதை மணலாகக் கழிக்கின்றன. பார் உயிரோடிருந்தாற்றான் மீன் உண்டு. மீன் இருந்தாற்றான் மணல் உண்டு. மணல் இருந்தாற்றான் தீவு உண்டு.

சோளகக் காலமா, வாடைக் காலமா?

நம் வடபுலத்துக் கடலோடிகள் வாடை என்றும் சோளகம் என்றும் காற்றைப் பகுப்பதுபோல, மாலைதீவினரும் வடகீழ்ப் பருவத்தை 'இருவை' என்றும் தென்மேற் பருவத்தை 'ஹுளங்கு' என்றும் வழங்குகின்றனர். மார்கழி பிற்பகுதி முதல் சித்திரை வரை வானம் தெளிந்திருக்கும், கடல் அடங்கியிருக்கும், வாடகையோ உச்சத்திலே நிற்கும். வைகாசி முதல் கார்த்திகை வரை மழையும் காற்றும் அடிக்கடி வரும்; வாடகை இறங்கும்.

வளைகுடாக் குடும்பங்களுக்கு இங்கேதான் சிக்கல். அவர்களுக்கு விடுமுறை வாய்க்கும் ஆடியும் ஆவணியும் மாலைதீவின் மழைக்காலமாகும். இதனாற் போகாதிருக்க வேண்டும் என்பதில்லை. நாம் தங்கிய ஆறு நாட்களில் இரண்டு நாட்கள் முற்பகல் முழுவதும் மழை. ஏனைய நாட்களில் ஒரு நாழிகை பெய்து ஓய்ந்தது. ஆண்டு முழுவதும் மழையைக் காணாது வளரும் டுபாய்ப் பிள்ளைகள் அதனை ஒரு குறையாகவே கருதவில்லை. மேலும், இப்பருவத்திலேதான் பா அற்றோலிலுள்ள ஹனிஃபாரு குடாவுக்குள் நுண்ணுயிர்கள் திரளாக அடித்து வரப்படுகின்றன. அவற்றை உண்ணப் பெருந் திருக்கைகள் கூட்டமாக வருகின்றன. அந்த அற்றோலை யுனெஸ்கோ நிறுவனம் 2011ஆம் ஆண்டில் உயிர்க்கோளக் காப்பிடமாக அறிவித்தது. வெயிலை மாத்திரம் நாடுபவர் டிசம்பர் விடுமுறைக்குக் காத்திருப்பாராக. கடலின் உயிர்களைக் காண விரும்புபவர் மழையைப் பொறுத்துக்கொள்வாராக.

கடிகாரத்தின் சொற்படி

டுபாயிலிருந்து மாலேக்கு விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். டோஹாவிலிருந்து சற்று அதிகம். கொழும்பிலிருந்தோ ஒன்றரை மணி நேரந்தான். கணவன் வளைகுடாவிலிருந்தும், மனைவி மக்கள் கொழும்பிலிருந்தும் புறப்பட்டு நடுவழியிலே கூடுவதும் இயலும்.

மாலே விமான நிலையத்தில் இறங்கியதும் பிரயாணம் முடிவதில்லை. விடுதித் தீவுகள் பலவற்றை அடைவதற்குக் கடல் விமானமே வழி. நீரிலே மிதந்து எழும் அச்சிறு விமானங்கள் பகலொளியில் மாத்திரமே பறக்கும். பிற்பகல் மூன்றரை மணியளவுக்குப் பின் மாலேயை அடைபவர் அன்றைய கடல் விமானத்தைத் தவறவிட்டு, நகரிலே ஓர் இரவைச் செலவிட வேண்டி வரும். விடுதிக்குக் கட்டிய அந்த இரவின் பணமும் வீணாகும். ஆகவே நள்ளிரவுக்குப் பின் வளைகுடாவைவிட்டு எழுந்து காலையிலே மாலேயில் இறங்கும் விமானத்தைத் தெரிதலே சிறந்தது. கடல் விமானத்திற் பொதியின் நிறையும் அளவோடுதான். வழக்கமாக ஒருவருக்கு 20 கிலோவும், கைப்பொதி 5 கிலோவும்.

நுழைவு அனுமதி வந்திறங்கியதும் பெரும்பாலான நாட்டவருக்கு 30 நாட்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. வருகைப் பத்திரத்தைப் புறப்படுமுன்னரே, அதாவது வந்துசேரும் நேரத்திற்கு முன்னுள்ள 96 மணி நேரத்திற்குள், இணையவழியே நிரப்புதல் வேண்டும். மதுவும் பன்றியிறைச்சியும் கொண்டுசெல்லலாகாது. வழிபாட்டுக்குரிய விக்கிரகங்களுக்கும் தடையுண்டு. நம் தாய்மார் சிலர் கைப்பையிற் பிள்ளையாரை வைத்துக்கொண்டு புறப்படுவது வழக்கமாதலின் இதனை இங்கே குறிக்கின்றோம்.

கணக்குத் தெரிந்து செல்க

விளம்பரத்திற் காணும் வாடகை முழு வாடகையன்று. அதன்மேல் நூற்றுக்கு 10 சேவைக் கட்டணம். அவ்விரண்டையும் கூட்டிய தொகையின்மேல் 2025 ஜூலை முதல் நூற்றுக்கு 17 வரி. இவற்றோடு பசுமை வரி என ஒன்று 2025 ஜனவரி முதல் விடுதித் தீவுகளில் ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 12 டொலர். சிறு விருந்தினர் இல்லங்களில் 6 டொலர்.

மாணவர்கள் விரும்பினால் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். நால்வர் கொண்ட குடும்பம் இரவொன்றுக்கு 500 டொலர் வீதம் மூன்றிரவு தங்குகிறது என்போம். வாடகை 1,500; சேவைக் கட்டணத்துடன் 1,650; வரியுடன் 1,930.50, பசுமை வரி 144 சேர, 2,074.50 டொலர். கடல் விமானத்துக்கு ஆளொருவருக்குப் பல நூறு டொலர் இன்னும் வேறாகும். உணவு வாடகையில் அடங்குமா என்பதையும் முன்கூட்டியே கேட்டல் வேண்டும். ஒரு தீவில் ஒரே விடுதி என்பது அங்குள்ள முறையாதலால், பசித்தால் வேறு கடையை நாடிச் செல்ல வழியில்லை. அரிசியும், காய்கறியும், பழமும், இறைச்சியும் பெரும்பாலும் கப்பலேறி வருகின்றன. மணல் நிலத்திலே தென்னை செழிக்குமேயன்றி நெல் விளையாது.

இத்தொழிலின் தொடக்கமோ மிக எளியது. 1960களில் வந்த ஐக்கிய நாடுகள் சபைக் குழுவொன்று, இத்தீவுகள் உல்லாசப் பிரயாணத் தொழிலுக்கு ஏற்றவையல்ல என்று கருதியது. பின்னர், கொழும்பிலிருந்த மாலைதீவுத் தூதரகத்திற் பணிபுரிந்த அஹமட் நசீம் என்ற இளைஞரை இத்தாலியப் பிரயாண முகவர் ஜோர்ஜ் கோர்பின் சந்தித்தார். அச்சந்திப்பின் தொடர்ச்சியாக 1972ஆம் ஆண்டில் குரும்பா என்னும் முதல் விடுதி, 30 அறைகளோடு திறக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் வந்த உல்லாசப் பிரயாணிகளோ 20 இலட்சத்துக்கும் அதிகம். 2022ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அந்நாட்டில் வாழ்வோர் தொகையே ஏறத்தாழ 5 இலட்சத்து 15 ஆயிரந்தான்.

மக்கள் வாழும் தீவிலே

விடுதித் தீவிலே மூன்றிரவு தங்கியபின், எஞ்சிய மூன்றிரவுகளை மக்கள் வாழும் சிறு தீவொன்றிலே கழித்தோம். இது முன்னாளில் எளிதில் இயலாத காரியம். வெளிநாட்டார் விடுதித் தீவுகளிலேயே தங்கவேண்டும் என்றிருந்த முறை 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் தளர்த்தப்பட்டது. இன்று மாலேக்குத் தெற்கேயுள்ள மாஃபுஷி முதலான தீவுகளிலே விருந்தினர் இல்லங்கள் நிறைந்துள்ளன. இத்தீவுகளிலே மது இல்லை. தோளும் முழங்காலும் மறைய உடுத்தல் வேண்டும். வெளிநாட்டார் நீராடுதற்கெனத் தனிக் கரை ஒதுக்கியிருக்கிறார்கள். நோன்பு மாதத்திற் பகலிலே உணவுக் கடைகள் மூடியிருக்கும். வளைகுடாவில் வாழ்ந்து பழகியோருக்கு இவையெல்லாம் புதியனவல்ல. வெள்ளிக்கிழமைகளிற் பொதுப் படகுகள் பெரும்பாலும் ஓடா என்பதை மாத்திரம் நினைவிற் கொள்க.

நாம் சென்ற தீவு, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிட நடை. மாலையிலே பெண்கள் வாசலில் வலைக் கதிரைகளில் அமர்ந்து உரையாடினர். துறையிலே தூண்டிலிற் பிடித்த சூரைமீன்களை இறக்கினர். அம்மீனை அவித்து, புகையூட்டி, உலர்த்தினால் நம் வீட்டுச் சம்பலில் இடிபடும் மாசியாகும். எமது மைத்துனியார் அதனைக் கண்டு, ஏதோ ஊருக்கு வந்ததுபோல் இருக்கிறது என்றார்.

இந்த உறவு மிகப் பழையது. மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுன் பதூதா 1343ஆம் ஆண்டில் மாலைதீவை அடைந்து, அங்கே காதியாராகப் பணியாற்றினார். பின் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். அந்நாளில் மாலைதீவின் சோழியும், கயிறும், உலர்ந்த மீனும் பல தேசங்களுக்குச் சென்றன. அரபு நாட்டுக் கப்பல்களின் பலகைகளைத் தைத்த கயிறு இத்தீவுத் தென்னையின் தும்பிலே திரிக்கப்பட்டது.

நன்னீர் என்னும் செல்வம்

விருந்தினர் இல்லத்துக்கு அயலிலே வாழ்ந்த முதியவர் ஒருவர், இளமையிலே கொழும்பில் ஓதிப் படித்தவர். எம்மை இலங்கையர் என அறிந்ததும் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து அன்போடு பேசினார். முற்றத்திலிருந்த கிணற்றைக் காட்டி, "மாஸ்டர், சிறுவயதில் நான் குடித்தது இந்தத் தண்ணீர்தான். 2004இல் கடல் வந்து போனது; அதன்பின் இது கால் கழுவத்தான்" என்றார். கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியிற் சேர்த்துப் பருகுகிறார்கள். போதாததை இயந்திரத்தால் நன்னீராக்கிய கடல்நீர் நிரப்புகிறது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப் பேரலை அந்நாட்டில் 80க்கும் அதிகமானோரைப் பலிகொண்டது. கந்தொளுதூ என்னும் தீவை அதன் மக்கள் முற்றாகக் கைவிட்டு, துவாஃபரு என்னும் வேறொரு தீவிற் குடியேற நேர்ந்தது. 2014 டிசம்பரில் மாலேயின் நீர் நிலையத்தில் தீப்பற்றியபோது, தலைநகர மாந்தர் ஓர் இலட்சம் பேருக்குக் குடிநீர் அற்றுப்போயிற்று. இந்தியாவும் இலங்கையும் சீனாவும் நீர் அனுப்பின.

நிலத்தின் சராசரி உயரம் கடல் மட்டத்துக்கு மேல் ஒன்றரை மீற்றரே. கடல் வெப்பமுற்றதால் 1998ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் முருகைக்கற்கள் வெளிறி மடிந்தன. இவ்வபாயத்தை உலகுக்கு உணர்த்தவே, 2009 அக்டோபரில் அன்றைய ஜனாதிபதி முஹமட் நஷீத் கடலடியில் அமைச்சரவைக் கூட்டத்தை நடத்தினார்.

எமது மூத்த பெறாமகள் பன்னிரண்டு வயதினள். முதியவர் சொன்னதைக் கேட்டிருந்தவள், "சித்தப்பா, டுபாயிலும் நாங்கள் கடல் தண்ணீரைத்தானே குடிக்கிறோம்?" என்று வினவினாள். ஆம், இரு கரையாரும் கடலைக் காய்ச்சியும் வடித்துமே தாகந் தீர்க்கின்றனர். ஒரு கரையிலே எண்ணெய் வளம் உண்டு. மறுகரைக்கு அந்த எண்ணெயே கப்பலில் வருகிறது. எண்ணெயும் நிலக்கரியும் எரிவதால் உலகம் வெப்பமுற்றுக் கடல் உயர்கிறது. உயரும் கடலுக்கு முதலில் அஞ்ச வேண்டியவர் அம்முதியவரின் பேரப்பிள்ளைகள். இதனை அவளுக்கு நாம் மறைக்காமற் கூறினோம்.

ஆகவே எமது யோசனை இதுதான். கையில் வசதியிருப்போர் விடுமுறையை இரு பங்காக்கி, ஒரு பங்கை விடுதித் தீவிலும் மறு பங்கை மக்கள் வாழும் தீவிலும் கழிப்பாராக. வசதி குறைந்தோர் கடன்பட்டு நீர்மேற் குடிலிற் படுக்க வேண்டியதில்லை. விருந்தினர் இல்லத்திலிருந்தும் அதே கடலைத்தான் காணலாம். நீந்தும்போது முருகைக்கல்லின்மேற் கால் வைக்கலாகாது. அதனை எடுத்துச் செல்வதும் சட்டப்படி குற்றமாகும். குளிக்கும் நீர் எவ்வாறு உண்டாயிற்று என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். வெயிலில் உழைத்துச் சேர்த்த பணத்தாற் செல்லும் பெற்றோர், கடலிலே மிதக்கும் அழகையும் அதனைக் காத்து வாழும் மக்களையும் ஒருங்கே தம் மக்களுக்குக் காட்டுவாராயின், அச்செலவு வீண் செலவாகாது என்பது எமது துணிபு.