கையெழுத்து விழாத ஆல்பம்

மார்வின் கேயின் 'யூ ஆர் த மேன்' ஆல்பம் 2019 மார்ச் 29 அன்று வெளிவந்தது. அவர் உயிரோடு இருந்திருந்தால் அடுத்த நான்காவது நாள் அவருக்கு 80 வயது நிறைந்திருக்கும். அவர் 1984லேயே போய்விட்டார். பாட்டுகளில் பெரும்பாலானவை 1972இல் பதிவானவை. 47 வருடம் கழித்துக் கடைக்கு வந்த அந்த ஆல்பத்தை வைத்து எங்கள் மூன்று பேருக்குள் தொடங்கிய சண்டை இன்றுவரை தீரவில்லை.

மூன்று பேர் என்றால் நான், நிபோங் திபால் பொறியியல் வளாகத்தில் என் அறைத்தோழனாக இருந்த நண்பன், அப்புறம் அவனுடைய தாய்மாமா. நானும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். எழுபதுகளின் கடைசியில் பினாங்கு ஹோட்டல்களிலும் கல்யாண விருந்துகளிலும் வாசித்த ஒரு பேண்டில் அவர் பேஸ் கித்தார் வாசித்தவர். பட்டர்வொர்த்தில் இருக்கும் அவர் வீட்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் சாமிப்படம், சாமிப்படத்துக்குக் கீழே இசைத்தட்டுகள். சோல் இசையை எனக்கு அறிமுகப்படுத்தியது அந்த அடுக்குதான். கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டும் ரிதம் அண்ட் புளூஸும் கலந்து பிறந்த இசை என்று புத்தகத்தில் போட்டிருக்கும். மாமா அதை வேறு மாதிரிச் சொல்வார். "சாமி கும்பிடற மாதிரியே காதலிக்கறது தம்பி. அவ்ளோதான்."

சண்டைக்குப் போவதற்கு முன்னால் கொஞ்சம் கதை சொல்ல வேண்டும். 1971இல் மார்வின் கே 'வாட்ஸ் கோயிங் ஆன்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். வியட்நாம் போர், வறுமை, போதை, சுற்றுச்சூழல் என்று பேசும் பாட்டுகள், ஒன்று முடிவதற்குள் அடுத்தது தொடங்கி ஒரே மூச்சாக ஓடும். மோட்டவுன் நிறுவனத்தின் முதலாளி பெரி கோர்டிக்கு அதன் தலைப்புப் பாட்டை வெளியிடவே விருப்பம் இல்லை. வெளிவந்த பிறகு அது அமெரிக்கப் பொதுப் பட்டியலில் 2ஆம் இடம்வரை போனது. அந்த ஆல்பத்தின் உறையில்தான் மோட்டவுனின் பக்கவாத்தியக்காரர்களின் பெயர்கள் முதன்முறையாக அச்சானது. பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் பெயரும் அதில் உண்டு. மாமா அந்த உறையைத் தொடுவதற்கு முன் கையைத் துடைத்துக்கொள்வார்.

அடுத்த வருடம் அமெரிக்காவில் அதிபர் தேர்தல். ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரைப் பார்த்து, உன்னிடம் திட்டம் இருக்கிறதா என்று கேட்கும் 'யூ ஆர் த மேன்' பாட்டை மார்வின் இரண்டு பகுதிகளாக வெளியிட்டார். ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் 7ஆம் இடம் வந்தது. பொதுப் பட்டியலில் 50இல் நின்றுவிட்டது. கறுப்பினக் கேட்பாளர்கள் வாங்கினார்கள், மற்ற அமெரிக்கா வாங்கவில்லை என்று அதைப் படிக்கலாம். நவம்பரில் நிக்சன் 50 மாநிலங்களில் 49ஐ ஜெயித்தார். அதே பெயரில் வரவேண்டிய ஆல்பம் வரவில்லை. டிசம்பரில் 'டிரபிள் மேன்' படத்துக்கான இசை வந்தது, 1973இல் 'லெட்ஸ் கெட் இட் ஆன்' வந்தது. அரசியல் பாடியவர் காதலுக்கும் காமத்துக்கும் திரும்பிவிட்டார் என்று உலகம் எழுதிக்கொண்டது.

இனி சண்டைக்கு வருவோம்.

நண்பனின் கட்சி எளிமையானது. இது காணாமல் போன ஒரு பெரிய படைப்பு. 'வாட்ஸ் கோயிங் ஆன்', 'லெட்ஸ் கெட் இட் ஆன்' இரண்டுக்கும் நடுவில் இருந்த பாலம். அந்தப் பாலம் இல்லாமல் பார்த்தால் மார்வின் திடீரென்று மனம் மாறிய ஆள் மாதிரித் தெரியும். "த வேர்ல்ட் இஸ் ரேட்டட் எக்ஸ் கேட்டியா மச்சான்? வேர் ஆர் வி கோயிங் கேட்டியா? அந்த ஆளு இன்னும் கோவமாத்தான் இருந்திருக்காரு. கோவத்தை மூடி வச்சது யாரு?"

மாமாவின் கட்சி அதைவிட எளிமை. "அவரு எப்ப செத்தாரு? எண்பத்து நாலு. பாட்டு பதிவானது எழுபத்து ரெண்டு. நடுவுல பன்னெண்டு வருஷம். வெளிய விடணும்னு நெனச்சிருந்தா விட்டிருக்க மாட்டாரா? விடலன்னா அதான் பதில்."

எனக்கு முதல் தகராறு 'ஆல்பம்' என்ற சொல்லோடுதான். 2019 தட்டில் 17 பாட்டுகள் இருக்கின்றன. தொடக்கத்தில் அரசியல் பாட்டுகள். நடுவில் வில்லி ஹட்ச் தயாரித்த காதல் பாட்டுகள் சில. அவை நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் அறுபதுகளின் மோட்டவுன் மெட்டுக்குத் திரும்பிப் போனவை. ஹால் டேவிஸ், ஃபிரெடி பெரன், ஃபோன்ஸ் மிசெல் என்று வேறு வேறு தயாரிப்பாளர்களோடு நடந்த பதிவுகளும் உண்டு. இந்த வரிசையில் இவற்றை அடுக்கியது மார்வின் இல்லை. ஒரு பாட்டின் வால் அடுத்த பாட்டின் தலையைத் தொடும்படி 'வாட்ஸ் கோயிங் ஆன்' செய்த மனுஷன், இந்தப் பதினேழையும் இப்படியே விட்டிருப்பாரா? ஒரு வருடத்தில் அவர் எந்தெந்தப் பக்கம் நடந்து பார்த்தார் என்பதற்கான சுவடு இது.

அடுத்தது, 'காணாமல் போனது' என்ற விளம்பரம். இந்தப் பாட்டுகளில் பல ஏற்கெனவே சிடி தொகுப்புகளில் வந்துவிட்டவை. 2001இல் வந்த 'லெட்ஸ் கெட் இட் ஆன்' விரிவான பதிப்பிலேயே சில இருந்தன. 17இல் 15 பாட்டு இசைத்தட்டாக வருவது இதுதான் முதல் தடவை என்பதே உண்மையான புதுமை. நண்பன் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். "சிதறிக் கெடந்ததை ஒண்ணாச் சேர்க்கறதும் வேலைதானே?" என்பான். அதுவும் சரிதான். சிற்றிதழ்களில் சிதறிக் கிடக்கும் கதைகளை யாரோ தொகுத்ததால்தானே நாம் பலரைப் படித்திருக்கிறோம்.

மூன்றாவது, சலாம் ரெமி. நாஸ், ஏமி வைன்ஹவுஸ் போன்றவர்களோடு வேலை செய்த தயாரிப்பாளர். இந்தத் தட்டில் மூன்று பாட்டுகளை அவர் புதிதாகக் கலவை செய்திருக்கிறார். அவற்றில் ஒன்று 'சிம்ஃபனி'. மாமா அதைப் பாதியில் நிறுத்தினார். "பாட்டு எழுபத்து ரெண்டு, டிரம்ஸ் நேத்து" என்றார். எனக்கு 'மை லாஸ்ட் சான்ஸ்' பிடித்திருக்கிறது. குரல் முன்னால் வந்து காதோடு பேசுகிறது. ஆனால் அந்தக் குரலை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது மார்வின் இல்லை என்ற நினைப்பு கேட்கும்போதெல்லாம் கூடவே வருகிறது.

என் வேலையில் இதற்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பாயான் லெப்பாஸில் ஒரு ஃபேக்டரியில் நான் வரைபடங்களோடு மல்லுக்கட்டுகிறவன். வடிவமைத்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று பெட்டிகளிலும் கையெழுத்து விழும்வரை எந்த டிராயிங்கும் தளத்துக்குப் போகாது. கோடுகள் எல்லாம் சரியாகவே இருக்கலாம். இருந்தாலும் அது வரைவுதான். வரைவு என்று பெரிதாக முத்திரை குத்தி வைத்திருப்போம். யாராவது அதைப் பார்த்து ஒரு பாகத்தை அறுத்துவிட்டால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி வரும். மாமாவின் வாதம் இந்தப் பெட்டிகளைப் பற்றியதுதான். மார்வின் கையெழுத்துப் போடவில்லை.

மாமாவுக்குத் துணையாக ஒரு சம்பவமும் இருக்கிறது. 1981 தொடக்கத்தில் 'இன் அவர் லைஃப்டைம்' ஆல்பத்தை, மார்வின் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தபோதே, மோட்டவுன் தானே கலவை செய்து வெளியிட்டது. அவர் கொதித்துப் போனார். இருபது வருடம் இருந்த நிறுவனத்தை விட்டே விலகினார். பெல்ஜியத்தில் ஓஸ்டெண்ட் என்ற கடலோர ஊரில் தங்கினார், கொலம்பியா நிறுவனத்துக்குப் போனார், அடுத்த வருடம் 'செக்ஷுவல் ஹீலிங்' வந்தது. முடிக்காததை எடுத்து வெளியிட்டால் அவர் என்ன நினைப்பார் என்று நாம் ஊகிக்க வேண்டியதே இல்லை. உயிரோடு இருக்கும்போதே காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

நான் இதைச் சொன்னதும் நண்பன் அமைதியாகிவிடுவான் என்று நினைத்தேன். அவன் 'வல்னரபிள்' தட்டை எடுத்துப் போட்டான். அறுபதுகளில் பாபி ஸ்காட் அமைத்துக் கொடுத்த வாத்திய இசைக்கு மேல், பத்து வருடம் கழித்து மார்வின் திரும்பத் திரும்பத் தன் குரலை அடுக்கிப் பாடிய மெல்லிய பாட்டுகள். அவர் இருக்கும்போது வெளியாகவில்லை. 1997இல்தான் அந்தப் பெயரில் வந்தன. அவர் பாடியதிலேயே மிக அழகான குரல் அதில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கையெழுத்துத்தான் அளவுகோல் என்றால் அதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். மாமாவும் அன்றைக்கு எதுவும் பேசவில்லை. முழுத்தட்டையும் கேட்டார்.

என்னை அதிகம் தொந்தரவு செய்வது 'ஐ வாண்ட் டு கம் ஹோம் ஃபார் கிறிஸ்மஸ்'. வியட்நாமில் சிறைப்பட்டிருக்கும் ஓர் அமெரிக்கச் சிப்பாய் பாடுவதாக அமைந்த பாட்டு, 1972இல் பதிவானது. மார்வினின் தம்பி ஃபிராங்கி அந்தப் போருக்குப் போய்த் திரும்பியவர். அந்த கிறிஸ்மஸுக்கு அது வந்திருந்தால், பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரியாத எத்தனையோ வீடுகளில் ரேடியோவில் ஒலித்திருக்கும். வரவில்லை. 1973 ஜனவரியில் பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தானது, அடுத்த சில வாரங்களில் கைதிகள் வீட்டுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். பாட்டு 1990இல் ஒரு தொகுப்பில் வெளிவந்தது. யாருக்காகப் பாடினாரோ அவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. இன்றைக்கு எவ்வளவு நல்ல கலவையில் கேட்டாலும் அந்த டிசம்பர் திரும்பாது. வெளியிடாமல் இருப்பது பாதுகாப்பான முடிவு என்று மாமா சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாட்டுதான் ஞாபகம் வரும்.

இவ்வளவு நாள் இதை ஏன் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றால், மாமாவிடமும் ஒரு கேசட் இருக்கிறது. 1981இல் அவருடைய பேண்ட் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பதிவு செய்த ஆறு பாட்டுகள், எல்லாம் சொந்த மெட்டு. நான்கில் குரல் முழுசாக இருக்கிறது. இரண்டில் பாடகர் வெறுமனே முனகி வழி காட்டிவிட்டுப் போயிருக்கிறார். பிறகு பாடலாம் என்றிருந்தார்கள். அந்தப் பாடகர் வேலைக்காகச் சிங்கப்பூர் போனார், பேண்ட் கலைந்தது. அந்தக் காலத்தில் பினாங்கில் நம் ஆட்கள் சோல் வாசித்தார்கள் என்பதற்கு, எனக்குத் தெரிந்து, கையில் தொடக்கூடிய ஒரே சாட்சி அந்தக் கேசட்.

நண்பன் அதை டிஜிட்டலாக மாற்றி எல்லோரும் கேட்கும்படி போட வேண்டும் என்கிறான். நாடா பழசாகிக்கொண்டே போகிறது, இன்னும் பத்து வருடம் தாங்காது என்கிறான். மாமா ஒருநாள் எங்களுக்கு இரண்டு பாட்டு மட்டும் போட்டுக் காட்டினார். பேஸ் பிரமாதமாக இருந்தது. அவர் பேஸைக் கேட்கவே இல்லை. குரல் சுருதி விலகும் இடம் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு நாடாவைச் சுற்றி உறைக்குள் வைத்தார்.

"மாமா, நீங்க இல்லாத காலத்துல இது யாருகிட்ட இருக்கும்?" நண்பன் கேட்டே விட்டான்.

"உன்கிட்டதான் இருக்கும். அப்ப நான் வேணாம்னு சொல்ல முடியாது இல்ல? அதான்டா எனக்குப் பயம்."

கேசட்டைப் படியெடுத்து வைக்க மட்டும் ஒத்துக்கொண்டார். அது இப்போது நண்பனின் ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. வெளியே விடுவதில்லை என்பது வாக்கு. திரும்பும் வழியில், ஃபெர்ரிக்குக் காத்திருந்தபோது நண்பன் என்னைக் கேட்டான், "அப்ப அவரு போற வரைக்கும் வெயிட் பண்ணணுமா? அது மட்டும் நியாயமா?"

என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. உயிரோடு இருக்கும் மனிதர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அதில் விவாதமே இல்லை. அவர் போன பிறகு, நாடாவை அழியவிடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வெளியிடுவதாக இருந்தால், வரைவு என்ற முத்திரையோடு வெளியிட வேண்டும். யார் பாடினார், எந்த இரண்டு பாட்டு முடியவில்லை, யார் எப்போது படியெடுத்தார், எதில் கை வைத்தார் என்று உறையிலேயே எழுத வேண்டும். முனகலுக்கு மேல் வேறொருவரைப் பாட வைக்கக் கூடாது. தொலைந்த மாபெரும் ஆல்பம் என்று விற்கக் கூடாது. 'யூ ஆர் த மேன்' தட்டில் யார் தயாரித்தார், யார் கலவை செய்தார் என்ற விவரம் எல்லாம் இருக்கத்தான் செய்கிறது. முன் அட்டை மட்டும்தான் இது ஓர் ஆல்பம் என்கிறது. என் தகராறு அந்த அட்டையோடு. உள்ளே இருக்கும் பாட்டுகளை நான் திருப்பிக் கொடுக்க மாட்டேன்.

புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் 'பீஸ் ஆஃப் கிளே'யிலிருந்து தொடங்கலாம். குளோரியா ஜோன்ஸும் பாம் சாயரும் எழுதியது. பிள்ளைகளைத் தங்கள் விருப்பத்துக்குக் களிமண்ணாகப் பிசையும் பெற்றோரைப் பற்றிப் போகும் பாட்டு. பாடியவரைச் சுட்டுக் கொன்றது அவருடைய சொந்த அப்பா. பாடும்போது அவருக்கு அது தெரியாது, கேட்கும் நமக்குத் தெரியும். தாமதமாக வரும் பாட்டுகளில் இந்தச் சிக்கல் எப்போதும் இருக்கும் என்று மாமாவிடம் சொன்னேன். "அதுக்குத்தான் தம்பி சொல்றேன், நேரத்துல விடணும்" என்றார்.

நண்பன் உடனே அவரைத் திரும்பிப் பார்த்தான். அவர் தே தாரேக்கை ஆற்றிக்கொண்டிருந்தார்.