120 ரூபாயின் வால்

ஜூன் 9, திங்கள், சித்தூர், பாலக்காடு

நீதிமன்றத்துக்கு நான் போய்ச் சேரும் முன்பே கொழிஞ்சாம்பாறை இளநீர்க்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "ஏனுங்க வக்கீலம்மா, இளநீ வித்ததுக்கெல்லாமா கேஸு போடுவாங்க?" என்றார். பத்து நாளாக அவருடைய வங்கிக் கணக்கு முடங்கிக் கிடக்கிறது. தோப்புக்காரருக்குக் காய்ப் பணம் கொடுக்க முடியவில்லை.

பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தேன். சாலையில் வண்டியை நிறுத்தி மூன்று இளநீர் குடித்த யாரோ கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து 120 ரூபாய் அனுப்பியிருக்கிறார். வடக்கே ஒரு மாநிலத்தில் ஏமாற்றிப் பறித்த பணம் பல கணக்குகள் வழியாக ஓடி வந்ததில் அந்த 120 ரூபாய் கடைசி வால். அதைத் தொடர்ந்து வந்த போலீஸ் இவருடைய கணக்கையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறது. உள்ளே இருந்ததோ 41,000 ரூபாய்.

இதே போன்ற வழக்குகளில் 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: போலீஸ் குறிப்பிடும் தொகையை மட்டும் நிறுத்தி வைக்கலாம், முழுக் கணக்கையும் பூட்டக் கூடாது. தீர்ப்பின் நகலை இணைத்து வங்கிக்குக் கடிதம் எழுதினேன். மறுத்தால் எர்ணாகுளத்தில் ரிட் மனு போட வேண்டும். இளநீர் விற்கிறவர் 120 ரூபாய்க்காக உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருப்பது அநியாயம்.

ஜூன் 12, வியாழன், இரவு

பழைய கட்டுகளை ஒழுங்குபடுத்தினேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தபோது நான் சட்டக் கல்லூரி மாணவி. அந்தச் சட்டத்தால் ஊரில் ஒரு வழக்கும் வராது என்றார்கள் மூத்தவர்கள். பாகப்பிரிவினையும் செக் கேஸும்தான் சோறு போட்டன. 2004 நவம்பரில் சென்னை எழும்பூர் நீதிமன்றம், ஒரு பெண்ணைப் பற்றி இணையத்தில் ஆபாசச் செய்தி பரப்பியவனுக்கு அந்தச் சட்டத்தின் 67-ஆம் பிரிவில் தண்டனை கொடுத்தது. புகார் வந்த அதே வருஷத்தில் தீர்ப்பு. அதைப் படித்த அன்றுதான் இணையச் சட்டத் துறைக்கு வருவதென்று முடிவெடுத்தேன்.

இந்தத் துறையில் பாதி வேலை சாட்சியத்தைக் காப்பாற்றுவதுதான். 2011 கேரளத் தேர்தலில் எழுந்த அன்வர் வழக்கில், மின்னணுச் சாட்சியத்துக்கு உரிய சான்றிதழ் இல்லாமல் கொடுத்த சி.டி.க்களை உச்ச நீதிமன்றம் 2014-ல் ஏற்கவில்லை. இன்று புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவும் அந்தச் சான்றிதழைக் கேட்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பலர் வெட்கத்தில் வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

ஜூன் 21, சனி, புற்றடி

பாலக்காட்டிலிருந்து இடுக்கி மலைக்குப் போக எங்களுக்குத் தமிழ்நாட்டு வழிதான் வசதி. பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம் போய்க் கம்பம்மெட்டில் ஏறினால் மறுபடி கேரளம். நல்ல மழை.

சித்தி மகன் ஏலக்காய் ஏலத்தைப் பார்க்கக் கூட்டிப் போனான். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம். வியாபாரிகள் கையில் காயை உருட்டிப் பார்த்துவிட்டுத் திரையில் விலையை ஏற்றுகிறார்கள். அதே ஏலத்தில் மலைக்குக் கீழே போடிநாயக்கனூரில் இருப்பவரும் போட்டியிடலாம். அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் மாநில எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு விவசாயியின் காய் விலைபோகிறது. மின்வணிகம் என்றால் நகரத்துப் பிள்ளைகள் சட்டை வாங்குவது என்று நினைப்பவர்கள் இங்கே ஒருமுறை வந்து பார்க்க வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு, குமுளி

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

பீர்மேடு பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளி ஓய்வுபெற்ற அம்மா ஒருவர் என்னிடம் வந்தார். இன்னும் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில்தான் இருக்கிறார். வீடியோ அழைப்பில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன், "உன் ஆதாரில் போதைப் பொருள் பார்சல் போயிருக்கிறது. உன்னை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்" என்று மிரட்டியிருக்கிறான். நல்ல தமிழில். இரண்டு நாள் போனை அணைக்கவே விடவில்லை. ஓய்வுப் பணம் 1,80,000 ரூபாய் மூன்று கணக்குகளுக்குப் போய்விட்டது. "பேரனுக்குக்கூடச் சொல்லல மேடம், மானம் போயிருமேன்னு" என்றார். பதினொரு நாள் சொல்லாமலே இருந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு போன முதல் ஸ்டேஷனில், வங்கிக் கிளை கம்பத்தில்தானே, அங்கே போ என்றார்களாம். இரண்டாவது ஸ்டேஷனில், சம்பவம் கேரளத்தில்தானே நடந்தது என்றார்களாம். புகாரை வாங்குவதில், எங்கே நடந்தது என்ற கேள்விக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, எல்லை எதுவானாலும் புகாரை வாங்கியாக வேண்டும். புகாரைத் தமிழிலேயே எழுதி, அந்தப் பிரிவையும் குறிப்பிட்டு, நானே கூடப் போய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். சைபர் மோசடி உதவி எண் 1930-லும் பதிவு செய்தோம்.

இளநீர்க்காரரின் கழுத்தை நெரித்த அதே முடக்கம்தான் இந்த அம்மாவைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே வழி. முதல் ஒரு மணி நேரத்தில் சொல்லியிருந்தால் பணம் முதல் கணக்கிலேயே நின்றிருக்கலாம். அதனால் முடக்கமே வேண்டாம் என்று நான் வாதாட மாட்டேன். திருட்டுப் பணம் எவ்வளவோ அவ்வளவை உடனே நிறுத்துங்கள், அதற்கு மேல் ஒரு ரூபாயையும் தொடாதீர்கள் என்பதுதான் என் கட்சி.

ஜூன் 26, வியாழன், சித்தூர்

இளநீர்க்காரரின் கணக்கு திறந்துவிட்டது. 120 ரூபாய் மட்டும் நிறுத்தப்பட்டிருக்கிறது.

பீர்மேட்டு அம்மாவின் பணத்தில் 23,000 ரூபாய் ஒரு கணக்கில் சிக்கியிருக்கிறது. அதைத் திரும்பப் பெற மாஜிஸ்திரேட்டிடம் போட மனு தயார். மீதி பல கை மாறிப் போய்விட்டது.

இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையாது. லயங்களிலும் தோப்புகளிலும் இருக்கும் பெரியவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். 1930 என்ற எண்ணைக் காலண்டர் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டிக் கொடுங்கள். பணம் போனது தெரிந்த நிமிஷமே அழைக்கச் சொல்லுங்கள், எந்தச் செய்தியையும் அழிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.