கருங்கடற்கரைப் பந்தாட்டக்காரர்

தமிழ்ப் பகுதியிற் பந்தாட்டத்தைப் பற்றி எழுதப்போகின்றேன் என்றதும் விடுதி நண்பர் ஒருவர் நகைத்தார். "ஆனர்ஸ் வகுப்பில் அகமும் புறமும் படிக்கும் உமக்கு ருமேனியா தேசத்துப் பந்தாட்டக்காரர் எதற்கு ஐயா?" என்பது அவர் வினா. மாலை வேளையில் நம் கல்லூரி மைதானத்திற் கூடுவோர் தொகையையும், அதே வேளையில் நூலகத்தில் இருப்போர் தொகையையும் அவர் ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராக. அம்மைதானத்தாரும் இவ்விதழைப் புரட்டுவோரே. அவர்க்கும் இரண்டு பக்கம் வேண்டாவா?

யான் கூறப் புகுந்தவர் கியோர்கே ஹாஜி என்பார். அவர் பெயரை ஆங்கில எழுத்துப்படி 'ஹாகி' என்று படிப்பார் பலர்; அவர் நாட்டார் 'ஹாஜி' என்றே ஒலிப்பர். பால்கன் நாட்டுக் கிறிஸ்தவருள் எருசலேமுக்கு யாத்திரை சென்று மீண்டாரை அச்சொல்லால் அழைக்கும் வழக்கம் உண்டு. அது பின்னர்ப் பல குடும்பங்கட்குப் பெயராய் நின்றுவிட்டது. இவர் 1965ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள், கருங்கடலை அடுத்த கான்ஸ்டான்ட்ஸா மாவட்டத்தில், சச்செலே என்னும் சிற்றூரிற் பிறந்தார். குடும்பத்தார் அரோமானியர், ருமேனிய மொழிக்கு உறவாகிய ஒரு சிறுமொழியைப் பேசும் இனத்தார். கான்ஸ்டான்ட்ஸா நகரமே பழைய தோமிஸ். உரோமப் புலவர் ஓவித், அகஸ்டஸ் பேரரசனாற் கி.பி. 8ஆம் ஆண்டில் நாடுகடத்தப்பெற்று, ஊர் திரும்ப ஏங்கி ஏங்கி உயிர் நீத்த இடம் அது. இச்செய்தியை இங்கே கூறியது என் பாடத்தின் மேலுள்ள ஆசையால் மட்டும் அன்று. அதன் பயன் பின்னே விளங்கும்.

ஹாஜி ஆடிய இடம் நடுக்களம். பின்னணியார் பந்தைக் காப்பர். முன்னணியார் அதனைக் கோலுக்குட் செலுத்துவர். இடையே நின்று, யாருக்கு, எப்பொழுது, எவ்வளவு விசையிற் பந்து போகவேண்டும் என்று தீர்மானிப்பவன் நடுக்களத்தான். ஹாஜி உயரத்திற் குறைந்தவர், இடக்காலர். அவ்விடக்காலோ நினைத்ததை நினைத்த இடத்தில் வைக்கும். உள்ளூர்க் கழகமாகிய ஃபாருலில் 1982ஆம் ஆண்டு ஆடத் தொடங்கினார். மறு ஆண்டே, பதினெட்டு வயதில், தேசிய அணியிற் சேர்க்கப்பெற்றார். சேர்த்த பயிற்சியாளர் மிர்ச்சா லூச்செஸ்கு. பத்தொன்பது வயதில் பிரான்சு நாட்டில் நடந்த 1984ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் ஆடினார். எனக்கும் இப்பொழுது வயது பத்தொன்பது. இவ்வாண்டு யான் சாதித்தது எழுத்ததிகாரத்தை ஒருவாறு முடித்ததே.

புக்கரெஸ்ட் நகரின் ஸ்போர்ட்டுல் ஸ்டூடென்ட்செஸ்க் கழகத்துக்கு ஆடி, 1985, 1986 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டிலேயே மிகுதியான கோல் அடித்தவர் ஆனார். இரண்டாம் ஆண்டில் அவர் அடித்தவை 31. ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்த ஸ்டேயாவா கழகத்தார், 1987ஆம் ஆண்டு பிப்ரவரியில் கீவ் அணியோடு ஆடவேண்டிய ஒரே ஓர் ஆட்டத்திற்காக அவரை இரவல் வாங்கினர். அவ்வாட்டத்தின் ஒரே கோலை ஹாஜியே அடித்தார். இரவல் பொருள் திரும்பவில்லை! இராணுவத்தார் கழகத்தைக் கேள்வி கேட்பார் அக்காலத்து ருமேனியாவில் யார்? சௌசெஸ்குவின் ஆட்சியில் ஆட்டக்காரர் வெளிநாட்டுக் கழகங்கட்குத் தம் விருப்பம்போற் செல்லவும் இயலாது. 1989ஆம் ஆண்டு டிசம்பரில் அவ்வாட்சி கவிழ்ந்தது. 1990இல் ஹாஜி மாட்ரிட் சென்றார்.

சென்ற இடமெல்லாம் சிறப்புப் பெற்றார் என்று எழுத ஆசைதான். ஆனால் ரியால் மாட்ரிட்டில் இரண்டு ஆண்டு, அங்கே நிலைபெறவில்லை. பின்பு இத்தாலியில் ப்ரெஷ்ஷா என்னும் சிறு கழகம். அதன் பயிற்சியாளர் பழைய லூச்செஸ்குவே. அக்கழகம் 1993ஆம் ஆண்டு இரண்டாம் பிரிவுக்கு இறங்கிற்று. ஹாஜி உடன் இறங்கினார். ஓராண்டு அப்பிரிவிலேயே ஆடி, கழகத்தை மேலேற்றிவிட்டு, 1994ஆம் ஆண்டு உலகக் கோப்பைக்கு அமெரிக்கா சென்றார்.

இனி அந்தக் கோலைச் சொல்லாமல் இருக்க இயலாது. ஜூன் 18, பாஸடேனா நகரம், எதிரணி கொலம்பியா. பலரும் அவ்வாண்டு பெரிதும் எதிர்பார்த்த அணி அது. களத்தின் இடப்புற ஓரத்தில், முப்பத்தைந்து கஜத்திற்குக் குறையாத தூரத்தில், பந்து ஹாஜியின் காலடிக்கு வருகின்றது. அவ்விடத்திலிருந்து கோலை நோக்குபவனுக்குக் கம்பங்களின் இடைவெளி ஒரு கீற்றாகவே தோன்றும். கோல் காவலர் கோர்டோபா தம் கோட்டை விட்டுச் சற்றே முன்வந்து நிற்கின்றார். ஹாஜி தலையை ஒருமுறை உயர்த்துகின்றார், அடிக்கின்றார். பந்து வில்லென வளைந்து, பின்னோக்கி ஓடும் காவலரின் கைக்கு மேலே சென்று, அப்பாற்பட்ட கம்பத்தின் உட்புறமாக இறங்குகின்றது. நடுவே அனுப்பக் கருதிய பந்து தவறிப் போய்க் கோலாயிற்று என்பாரும் உளர். யான் அப்படக்காட்சியைப் பன்முறை கண்டவன். தலை உயர்த்திய அந்தக் கணத்தைக் கண்டவர் அவ்வாறு கூறார்.

ருமேனியா அன்று 3-1 என வென்றது. ஜூலை 3இல் அர்ஜென்டினாவை 3-2 என வென்றது. துமித்ரெஸ்கு அடித்த இரண்டாம் கோலுக்குப் பந்து தந்தவரும், மூன்றாம் கோலை அடித்தவரும் ஹாஜி. கால் இறுதியில் ஸ்வீடனோடு 2-2 எனச் சமமாக நின்று, பெனால்டி உதைகளில் தோற்றது. அதன்பின் பார்சிலோனாவில் இரண்டு ஆண்டுகள். அங்கும் பெரும்பாலும் காத்திருப்பே.

முப்பத்தொரு வயதில் இஸ்தான்புல் நகரத்துக் கலாத்தாசராய் கழகத்தை அடைந்தபோது, 'முதியவர் ஓய்வூதியம் வாங்க வந்தார்' என்றே பலரும் எண்ணியிருப்பர். அம்முதியவரோடு அக்கழகம் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் துருக்கிப் பட்டத்தை வென்றது. 2000ஆம் ஆண்டு மே 17இல், கோபன்ஹேகனில், ஆர்சனல் அணியைப் பெனால்டி உதைகளில் வென்று யூஈஎஃப்ஏ கோப்பையையும் பெற்றது. ஆனால் அவ்வெற்றி வேளையில் ஹாஜி களத்தில் இல்லை. கூடுதல் நேரத்தின் தொடக்கத்திலேயே எதிரணித் தலைவரோடு மோதிச் சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். எஞ்சிய பத்துப் பேர் அரை மணி நேரம் தாங்கி நின்றனர். கடைசி உதையை உதைத்து வென்றவர் ஹாஜியின் சகலராகிய போப்பெஸ்கு. அடுத்த மாதமே, ஐரோப்பியக் கோப்பைக் கால் இறுதியில், இத்தாலிக்கு எதிராக மீண்டும் சிவப்பு அட்டை! ருமேனியாவுக்காக 124 ஆட்டம் ஆடி 35 கோல் அடித்தவர்க்கு அதுவே கடைசிப் பெரும்போட்டி ஆட்டம் ஆயிற்று. மேதையின் சினத்தை வீரம் என்று போற்றுவார் உண்டு. எனக்கு அது உடன்பாடன்று. பந்தைத் தடுத்துத் தாங்கிய பத்துப் பேரையும் நினைக்கவேண்டும்.

2001ஆம் ஆண்டு ஆட்டத்தை விட்டுப் பயிற்சியாளர் ஆனார். தேசிய அணியை ஏற்றார்; ஸ்லோவேனியாவிடம் தோற்று உலகக் கோப்பை வாய்ப்பை இழந்தவுடன் நீங்கினார். பின்னர் பூர்சா, கலாத்தாசராய், திமிஷோவாரா, ஸ்டேயாவா என இடம் மாறிக்கொண்டே இருந்தார். 2005ஆம் ஆண்டு துருக்கிக் கோப்பையை, ஃபெனர்பாச்சே அணியை 5-1 என வீழ்த்தி வென்றது ஒன்றே குறிப்பிடத்தக்கது. தாமே எளிதிற் செய்தவர்க்கு, செய்யமாட்டாதான் எங்கே இடறுகின்றான் என்பது தெரியாது. ஆதலாற் பெரிய ஆட்டக்காரர் நல்ல ஆசிரியர் ஆகார் என்னும் வாதத்திற்கு அவரே சான்றாகத் தோன்றினார்.

அந்நிலையில் 2009ஆம் ஆண்டு, நாற்பத்துநான்கு வயதில், தம் சொந்தப் பணத்தைக் கொண்டு, பிறந்த மாவட்டத்திலேயே சிறுவர்க்கு ஒரு பந்தாட்டப் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். அது அமைந்த ஊரின் பெயர் ஓவிதியு. ஆம், ஊர் திரும்ப இயலாது மாண்ட அப்புலவரின் பெயரே. அதனோடு ஒரு கழகமும் தோற்றுவித்தார். பெயர் 'வீடோருல்', அதாவது 'எதிர்காலம்'. மூன்றாம் பிரிவிற் புகுந்த அக்கழகம் 2012ஆம் ஆண்டில் முதற் பிரிவை எட்டிற்று. விலைக்கு வாங்கிய வீரரை விடுத்து, பள்ளியில் வளர்ந்த இளைஞரையே பெரும்பாலும் ஆடவிட்டார். அவர்களுள் கிறிஸ்தியான் மானேயா என்பான் பதினாறு வயதிலேயே தேசிய அணியில் ஆடினான். ரஸ்வான் மரின் என்பார் 2024ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் உக்ரேனுக்கு எதிராக ஒன்றும், ஸ்லோவாக்கியாவுக்கு எதிராக ஒன்றும் கோல் அடித்தார். ஹாஜியின் மகன் யானிஸும் அங்கே பயின்றவரே.

இப்பகுதியை யான் மீண்டும் மீண்டும் எண்ணுவதற்குக் காரணம் உண்டு. எந்தையார் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர். பட்டம் பெற்றபின் யானும் ஊருக்கே திரும்பி அப்பணியை மேற்கொள்ளலாமா என்று கேட்டுக் கடிதம் எழுதினேன். "முப்பது ஆண்டு நான் சுண்ணாம்புக் கட்டி பிடித்தது போதும். நீ வெளியே போய்ப் பிழை, தம்பி" என்று மறுமொழி வந்தது. ஹாஜியின் கதையைக் காட்டி அவர்க்கு விடை எழுத முயன்றேன், கை ஓடவில்லை. ஹாஜி வெறுங்கையோடு திரும்பியவர் அல்லர். மாட்ரிட்டும் இஸ்தான்புல்லும் தந்த பணத்தையும், இரண்டாம் பிரிவில் இறங்கி ஏறிய அனுபவத்தையும் கொண்டு வந்தார். பதினெட்டு வயதில் ஃபாருலிலேயே தங்கியிருந்தால் அவர் எந்தப் பள்ளியைக் கட்டியிருக்க முடியும்? தந்தையார் பக்கம் நியாயம் இருக்கின்றது. எனினும், 'வெளியே போ' என்ற அவர், 'திரும்பி வராதே' என்று எழுதவில்லை என்பதையும் கவனித்தேன்.

வீடோருல் கழகம் 2017ஆம் ஆண்டு ருமேனியாவின் பட்டத்தை வென்றது, பயிற்சியாளர் ஹாஜி. புள்ளிகள் தலைநகரத்து எஃப்.சி.எஸ்.பி. கழகத்தோடு சமமாகவே இருந்தன. இருவரும் தம்முள் மோதிய ஆட்டங்களின் கணக்கே முடிவு செய்தது. 2021இல் அது பழைய ஃபாருலோடு இணைந்து அப்பெயரையே ஏற்றது. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில், ஓவிதியு மைதானத்தில், அதே எஃப்.சி.எஸ்.பி. அணி முதலில் இரண்டு கோல் அடித்து முன்னின்றது. ஃபாருல் மூன்றடித்து 3-2 என வென்றது, பட்டம் உறுதியாயிற்று. ஹாஜி சிறுவயதிற் பந்துதைத்த அக்கழகத்திற்கு அதுவே முதற் பட்டம்.