மணலுக்கு எந்த டயர்?

அறுகம்பைப் பக்கம் போய் நாலு சில்லு ஏ.டி.வி. ஓடுறதைப் பார்த்துட்டு வந்தா, எங்களுக்குள்ள ஒரே கதைதான்: மணல்மேட்டில ஏற எந்த டயர் நல்லம்?

பின்சில்லுக்குத் துடுப்பு டயர். குறுக்கே நிற்கும் ரப்பர் தகடுகள் மணலை வாரிப் பின்னால எறிய, வண்டி முன்னால போகும். முன்சில்லு வழுவழுப்பா, நடுவில வரம்பு ஓடினதா இருந்தாத் திருப்ப லேசு. சின்ன எஞ்சினுக்குத் துடுப்புக் கூடினால் இழுக்காது. காத்தையும் குறைக்கணும், டயர் அகண்டு மணலுக்கு மேல மிதக்கும். கடற்கரையில பைக் புதைஞ்சா நாங்களும் காத்தைத்தானே இறக்கிறம்.

ஆனா துடுப்பு மணலோட சேர்த்துக் கொடியையும் வாரும். மேட்டைப் பிடிச்சு வெச்சிருக்கிறது அடம்பன் கொடியும் இராவணன் மீசையும்தான். வேர் அறுந்தா மிச்சத்தைக் காத்துக் கொண்டு போயிடும்.

2004 டிசம்பர் 26 எங்கட கரையை என்ன செய்ததெண்டு வீட்டுக்கு வீடு தெரியும். யாலயில மணல்மேட்டை அகற்றின இடத்தில இருந்த ஹோட்டலைக் கடல் அழிச்சிட்டுது; மேடு நின்ற இடங்களில சேதம் குறைவு.

அதனால எங்கட பதில் இதுதான்: ஓடுறதெண்டா அலை நனைச்ச ஓரத்தில ஓடுவம். அந்த மண் இறுகினது. காத்துக் குறைச்ச சாதாரண டயரே போதும், துடுப்பு தேவைப்படாது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்காம். திரள விடுவமே.