மணி அடித்த பிறகும் தொடரும் பொறுப்பு

கிழக்கு லண்டனில் பெத்னல் கிரீன் பகுதியில் இருக்கும் யார்க் ஹால் 1929இல் திறக்கப்பட்டது. சுமார் 1,200 பேர் மட்டுமே கொள்ளும் அந்த மண்டபத்தில் தொழில்முறைக் குத்துச்சண்டையை மிக நெருக்கத்தில் பார்க்கலாம். நான் கவனித்தவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது கைக்கட்டு. விரல்களுக்கு இடையில் துணிப்பட்டையை விட்டு, மணிக்கட்டைச் சுற்றி, முட்டிகளின் மேல் மெத்தைபோல அடுக்கி, கடைசியில் டேப் ஒட்டுகிறார் பயிற்சியாளர். வீரர் விரல்களை விரித்து மூடிப் பார்க்கிறார். பிறகு கண்காணிப்பாளர் கட்டின்மேல் பேனாவால் கையெழுத்திடுகிறார். உள்ளே வேறெதையும் ஒளித்து வைக்காமலிருக்க அந்த ஏற்பாடு. கைக்கு இத்தனை காவல் இருக்கும் தொழிலில் தலைக்கு என்ன காவல் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. கையுறையும் முதலில் காப்பது குத்துகிறவரின் கை எலும்பைத்தான். வெறுங்கையால் மண்டையில் அடித்தால் விரல் உடையும். கையுறை போட்டபின் அந்தப் பயமில்லாமல் திரும்பத் திரும்ப அடிக்கலாம்.

ரிங்குக்குள் பாதுகாப்பு வளர்ந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் ஒருவர் விழுந்து கிடக்கிறார். 1982 நவம்பரில் லாஸ் வேகாஸில் 14ஆவது ரவுண்டில் விழுந்த தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ சில நாட்களில் இறந்தார். அதன்பிறகே உலகப் பட்டப் போட்டிகள் 15 ரவுண்டிலிருந்து 12ஆகக் குறைந்தன. 1991 செப்டம்பர் 21 அன்று லண்டனில் கிறிஸ் யூபாங்குடன் மோதிய மைக்கேல் வாட்சனுக்கு மூளையில் ரத்தம் கசிந்தது. மண்டைக்குள் ரத்தம் தேங்கி அழுத்தம் ஏறும்போது ஒவ்வொரு நிமிடமும் மூளை செத்துக்கொண்டிருக்கும். அவருக்கோ சுவாசத்தைக் காக்கும் சிகிச்சை கிடைக்கவே ஏறத்தாழ அரை மணி நேரம் ஆனது. முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் மூளை அறுவைசிகிச்சை வசதியும் இல்லை. நாற்பது நாள் கோமாவில் கிடந்து பிழைத்த வாட்சன், பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியத்தின்மேல் வழக்குப் போட்டார். 2000 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தது. விதி வகுக்கும் அமைப்புக்கு வீரரின் உயிர்மேல் சட்டப்படியான பொறுப்பு உண்டு என்பதே அதன் சாரம். இன்று ரிங் ஓரத்தில் மருத்துவர்களும் ஆக்சிஜனும் ஆம்புலன்ஸும் தயாராக இருப்பதற்கு அந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் இந்தக் காவல் சண்டை நடக்கும் சில நிமிடங்களுக்கு மட்டுமே. மூளை பாழாவது ஒரே இரவில் விழும் பெரிய அடியால் மட்டுமல்ல. ஆண்டுக்கணக்கில் சேரும் சிறு அடிகளாலும்தான். அடிபட்டு அடிபட்டுத் தள்ளாடும் வீரர்களின் நிலையை ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1928லேயே எழுதிவிட்டார். அந்த அடிகளில் பெரும்பங்கு பயிற்சிக்கூடத்து ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், விழுகிறது. அங்கே பெரும்பாலும் மருத்துவரும் இல்லை, வாங்கிய குத்தை எண்ணுகிறவரும் இல்லை. எடைபோடும் நாளுக்காகப் பட்டினி கிடந்து உடம்பின் நீரை வற்றவைப்பதும் ரிங்குக்கு வெளியேதான் நடக்கிறது. பணமும் இதில் சேர்ந்துகொள்கிறது. சிறு மண்டபங்களில் வளரும் வீரரின் வருமானம் அவரே விற்கும் டிக்கெட்டைப் பொறுத்தது. எதிர்மூலையில் நிற்பவரோ தோற்பதற்கென்றே அழைக்கப்படுகிறவர். பர்மிங்காமின் பீட்டர் பக்லி 300 சண்டைகள் போட்டு, 256இல் தோற்று, 2008இல் ஓய்வுபெற்றார். அடி வாங்காமல் தோற்பது ஒரு தேர்ந்த கைவேலை. அவருக்கு அது கைவந்திருந்தது. எல்லோருக்கும் வராது. வாடகை கட்ட வேண்டியவர் தலைவலியை மருத்துவரிடம் மறைப்பார். ஆகவே வீரரின் நலன் என்பது மருத்துவத்தோடு முடிவதில்லை, கூலியையும் சேர்ந்தது.

‘தெரிந்துதானே இறங்குகிறார்கள்’ என்பது வழக்கமான மறுப்பு. இறங்குவது அவர் முடிவுதான். ஆனால் பத்தாவது ரவுண்டில் மூளை கலங்கி நிற்பவரிடம் ‘தொடர்கிறாயா?’ என்று கேட்டு வாங்கும் பதில் சம்மதம் ஆகாது. 1975இல் மணிலாவில் கடைசி ரவுண்டுக்கு எழ முயன்ற ஜோ ஃபிரேசியரைப் பயிற்சியாளர் எடி ஃபட்ச் அனுப்ப மறுத்தார். வீரரின் துணிச்சலை மீறி முடிவெடுக்க மூலையில் ஒருவர் வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. அப்படியானால் தடை செய்துவிடலாமே என்பது எதிர்ப்பக்கத்து வாதம். பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1980களிலிருந்தே அதைக் கேட்டுவருகிறது. நார்வே 1981இல் தொழில்முறைக் குத்துச்சண்டையைத் தடை செய்தது. அந்நாட்டு வீராங்கனை செசிலியா பிரேக்ஹஸ் வெளிநாடுகளுக்குப் போய்ச் சண்டையிட்டு உலகப் பட்டங்களை வென்றார். தடை நீங்கியபின் 2016இல்தான் சொந்த நாட்டில் மோதினார். தடை சண்டையை நிறுத்தவில்லை, எல்லைக்கு அப்பால் தள்ளியது. விதிகளே போதும் என்றும் சொல்ல முடியாது. 2025 ஆகஸ்டில் டோக்கியோவின் கொராகுவென் ஹாலில் ஒரே நாளில் சண்டையிட்ட இருவர் மூளைக் காயத்தால் இறந்தனர். அதன்பிறகு அங்கே நடக்கும் கீழை-பசிபிக் கூட்டமைப்பின் பட்டப் போட்டிகள் 12 ரவுண்டிலிருந்து 10ஆகக் குறைக்கப்பட்டன. அங்கேயும் சாவுக்குப் பின்னால்தான் விதி வந்தது.

வழி இல்லாமல் இல்லை. கலிபோர்னியா மாநிலம் 1982 முதல் வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் நடத்துகிறது. டிக்கெட்டிலிருந்து பிடிக்கும் சிறு தொகையே அதன் முதல். அதுபோலப் பெரிய போட்டிகளின் ஒளிபரப்பு வருவாயிலிருந்து ஒரு பங்கைச் சட்டப்படி பிடிக்கலாம். ஓய்வுபெற்ற பிறகும் தொடரும் மூளைப் பரிசோதனை, தலையில் அடிபட்டபின் பயிற்சிக்கூடத்துக்கும் செல்லுபடியாகும் கட்டாய ஓய்வு, அந்த ஓய்வு நாட்களுக்கான கூலி ஆகிய மூன்றுக்கும் அந்தப் பணம் போதும் என்று வாதிட இடமுண்டு. விளையாட்டின் வீரியம் இதனால் குறையாது. 15 ரவுண்டு 12ஆனபோதும் குறையவில்லை. நாம் கொடுக்கும் டிக்கெட் காசில் அந்தப் பங்கு உண்டா என்று ரசிகர்கள் கேட்கத் தொடங்க வேண்டும். கேட்காதவரை அடுத்த விதிக்கும் இன்னொரு வீரர்தான் விலை கொடுப்பார்.