எஃப்.சி.க்குப் போன குட்டியானை

தா.பழூர் என்று ஓர் ஊர். எந்தப் பக்கம் என்று கேட்பவர்களுக்கு, 'கங்கைகொண்ட சோழபுரம் தெரியுமா? அங்கேயிருந்து கொள்ளிடத்தைப் பார்த்து நடந்தால் வரும்' என்று சொல்லிக் கொண்டிருக்கிறேன். ராஜேந்திர சோழன் கங்கை வரைக்கும் போனவன், தா.பழூருக்கு வந்தானா என்பது பற்றிக் கல்வெட்டு எதையும் நான் பார்த்ததில்லை.

அந்த 'தா' என்ன என்பது அடுத்த கேள்வி. பக்கத்திலே இருக்கிற தாதம்பேட்டையைக் கைகாட்டுவார்கள் ஊர்க்காரர்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது 'தா' என்பது 'டி' ஆகி, 'டி.பழூர்' ஆகிவிடும். ஆதார் கார்டில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் மூன்றாவது மாதிரி. மூன்றும் ஒரே ஊர்தான் என்று கம்ப்யூட்டருக்குப் புரிய வைப்பதற்குள் இ-சேவை மையத்துப் பெண்ணுக்கு டீ ஆறிப்போய்விடும்.

ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. மாவட்டம்தான் நகர்ந்துகொண்டே இருந்தது. முதலில் திருச்சி. 1995-ல் பெரம்பலூர். 2001-ல் அரியலூர். 2002-ல் மறுபடியும் பெரம்பலூர். 2007 நவம்பரில் திரும்பவும் அரியலூர். கடைத்தெருவில் நிற்கிற வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே இந்தச் சரித்திரம் தெரியும். 45 என்றால் தாத்தா, 46 என்றால் அப்பா, 61 என்றால் பேரன்.

எங்கள் மாமாவின் குட்டியானை 61. 2012-ல் வாங்கியது. ஒரு டன்னுக்கும் குறைவாக ஏற்றச் சொல்லி யாரோ கம்பெனியில் உட்கார்ந்து கணக்குப் போட்டு அனுப்புகிற இந்தக் குட்டி லாரிக்கு 'குட்டியானை' என்று பெயர் வைத்த தமிழன் யாரோ, அவனுக்குச் சிலை வைக்கலாம். நெல் மூட்டை, பருத்தி, பந்தல் சாமான், கோயில் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் செட்டு, ஆண்டிமடம் பக்கத்திலிருந்து முந்திரி என்று அது சுமக்காதது கிடையாது. என் அத்தை மகளின் காலேஜ் ஃபீஸையும் அதுதான் சுமந்தது.

இந்த மாதிரி வண்டிகளுக்கெல்லாம் எஃப்.சி. என்று ஒன்று உண்டு. தகுதிச் சான்றிதழ். நம்மைப் போல ஸ்கூட்டரில் ஆபீஸ் போகிறவர்களுக்கு இந்தத் தொந்தரவு பதினைந்து வருஷம் கழித்துத்தான் வரும். வாடகைக்கு ஓடுகிற வண்டிக்கு அப்படி இல்லை. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் 56-வது பிரிவில், சான்றிதழ் இல்லாத வண்டி பதிவே ஆகாத வண்டி மாதிரிதான் என்று கறாராகச் சொல்லியிருக்கிறது. புது வண்டிக்கு இரண்டு வருஷம். 2018-ல் விதியை மாற்றி, எட்டு வயது வரைக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, எட்டு தாண்டினால் வருஷா வருஷம் என்று ஆக்கினார்கள். மனிதர்களுக்கு நாற்பதில் சொல்வதைத்தான் வண்டிக்கு எட்டில் சொல்கிறார்கள்.

கொரோனா காலத்தில் மத்திய அரசு, காலாவதியான வண்டிப் பேப்பர்கள் எல்லாம் செல்லும் என்று தவணை நீட்டிக்கொண்டே வந்தது. கடைசித் தவணை 2021 அக்டோபர் 31. மறுநாளிலிருந்து தமிழ்நாட்டில் அத்தனை லாரிக்கும் ஒரே நேரத்தில் ஞானோதயம் வந்துவிட்டது. நான் அப்போது சென்னைக் கம்பெனி வேலையைத் தா.பழூர்த் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தீபாவளி முடிந்த இரண்டாவது வாரம் மாமா வந்தார்.

"மாப்ளே, உனக்குக் கம்ப்யூட்டர் தெரியும். கூட வா. நாளைக்கு எஃப்.சி."

"நாளைக்கு எனக்கு மீட்டிங் இருக்கு மாமா."

"வண்டியிலேயே மீட்டிங் போடு. யாரு வேணாங்கறா?"

எஃப்.சி.க்குப் போகிற வண்டியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ இல்லையோ, பெண் பார்க்க வருகிற நாளில் வீடு எப்படி இருக்கும் என்று தெரியும் அல்லவா? அதே கதைதான். பத்து நாள் முன்னாலேயே டிங்கரிங், பட்டி, பெயின்ட். சக்கரத்து டிரம்முக்குக்கூட வெள்ளி நிற பெயின்ட். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்று ஒளிரும் ஸ்டிக்கர். ஒரு ஸ்டெப்னி இரவல். முதலுதவிப் பெட்டி இரவல். அதைத் திறந்து பார்த்தேன். பஞ்சு, ஒரு டிங்சர் பாட்டில், அதற்கு அடியில் யாருடைய பேத்தியின் மொட்டைக்கோ வந்த அழைப்பிதழ். மூன்று ஊர்க் குட்டியானைகளுக்குப் பொதுவான பெட்டியாம் அது. பெயின்ட், டிங்கரிங் எல்லாம் சேர்ந்து மாமாவுக்கு எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். அரசாங்கத்துக்குக் கட்டின ஃபீஸ் சில நூறுதான். செலவெல்லாம் அலங்காரத்துக்கு.

கும்பகோணம் எங்களுக்குக் கிட்டே. மதனத்தூர்ப் பாலத்தில் கொள்ளிடத்தைத் தாண்டி, நீலத்தநல்லூர் வழியாகப் போனால் வந்துவிடும். அங்கேயும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் உண்டு, 68 நம்பர். ஆனால் வண்டியின் ஜாதகம் அரியலூரில் இருக்கிறதே! மேட்டூர் அணை நிரம்பிக் கொள்ளிடத்தில் தண்ணீர் கரை தொட்டு ஓடிய அந்த ஈர நவம்பரில், ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஸ்ரீபுரந்தான், விக்கிரமங்கலம் வழியாக அரியலூருக்குக் கிளம்பினோம்.

ஸ்ரீபுரந்தானைச் சும்மா தாண்ட முடியாது. அந்த ஊர்ச் சோழர் காலத்துக் கோயிலிலிருந்து ஒரு நடராஜரைத் திருடி, கடல் தாண்டிக் கொண்டுபோய், 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்குச் சுமார் 50 லட்சம் டாலருக்கு விற்றார்கள். விற்றவர்கள் காட்டின பேப்பர் எல்லாம் கச்சிதம். எல்லாம் போலி. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து சிலையைத் திருப்பிக் கொடுத்தார். நடராஜர் கும்பகோணம் சிலைப் பாதுகாப்பு மையம் வரைக்கும் வந்து சேர்ந்தார்.

மாமா கோயில் பக்கம் பார்த்து ஒரு கையால் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "பேப்பர் சரியா இருந்தா சாமியே ஆஸ்திரேலியா போயிடும். நம்ம வண்டி அரியலூர் போவாதா?"

விக்கிரமங்கலம் தாண்டியபின் சிமென்ட் லாரிகள் ஆரம்பித்தன. அரியலூர் பூமி முழுக்கச் சுண்ணாம்புக்கல். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் இங்கே கடல். வாரணவாசியில் அந்தக் கடல் பிராணிகளின் கல்லான மிச்சங்களை வைத்து அருங்காட்சியகமே கட்டியிருக்கிறார்கள். கடல் போய், கல் வந்து, கல்லைச் சுற்றி சிமென்ட் ஆலைகள் வந்து, ஆலைகளுக்கு லாரி வந்துவிட்டது. ஒவ்வொன்றும் நம் குட்டியானையை ஒரு மூச்சில் ஊதித் தள்ளிவிட்டுப் போகும். பின்பக்கம் எழுதியிருக்கிற எஃப்.சி. தேதியைப் படிக்க நமக்கு நேரம் கிடைக்கிறது என்றால், நாம் கொஞ்சம் அதிகமாகவே நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

அரியலூரில் ஒரு தமாஷ். "ஆர்.டி.ஓ. ஆபீஸ் எங்கே?" என்று ஒரு பெரியவரிடம் கேட்டார் மாமா. ஆய்வு நடக்கிற மைதானம் போன தடவை வேறு பக்கம் இருந்ததாக அவருக்கு ஞாபகம். பெரியவர் தெளிவாக வழி சொன்னார். போய் நின்றால், பட்டா மாறுதலுக்கும் சாதிச் சான்றிதழ் மேல்முறையீட்டுக்கும் ஜனங்கள் நிற்கிறார்கள். கோட்டாட்சியர் அலுவலகம்! அதற்கும் ஆர்.டி.ஓ.தான் பெயர். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து வித்தியாசம் இருக்கிறதாம். தமிழ்நாட்டு வாயில் அந்த வித்தியாசம் நிற்பதில்லை. வாசலில் இருந்தவர், "வண்டி ஆர்.டி.ஓ.வா, நெலம் ஆர்.டி.ஓ.வா?" என்று கேட்டார். தினமும் கேட்டுப் பழகின குரல்.

வண்டி ஆர்.டி.ஓ. மைதானத்தில் ஏகப்பட்ட வரிசை. லாரி, வேன், ஸ்கூல் பஸ், கரும்பு டிராக்டர். எல்லாம் மினுமினு. மழைத்தூறலில் புதுப் பெயின்ட் வாசனை மூக்கைத் துளைத்தது. ஒருவர் சேஸிஸ் நம்பர் மேல் பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் ஐம்பது பைசாவை நோட்டுக்கு அடியில் வைத்துத் தேய்ப்போமே, அதே வித்தை.

பத்து மணிக்கு நின்றோம். என் மீட்டிங் பதினொன்றுக்கு. குட்டியானையின் முன் சீட்டில் உட்கார்ந்து, பின்னால் ஏர் ஹாரன் சோதனை நடக்க, காலாண்டு விற்பனை பற்றிப் பேசினேன். "உங்க பக்கம் சத்தமா இருக்கே, எங்கே இருக்கீங்க?" என்றார் மேனேஜர். "டிராஃபிக்கில் சார்" என்றேன். நூற்றுக்கு நூறு உண்மை.

ஆய்வாளர் எங்கள் வண்டிக்கு வர ஒரு மணி ஆகிவிட்டது. இளைஞர். சட்டையெல்லாம் ஈரம். லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன், கண்ணாடி, டயர் எல்லாம் பார்த்தார். தலையை ஆட்டினார். மாமா முகத்தில் மாப்பிள்ளை வீட்டார் காபி கேட்ட மாதிரி ஒரு களை. அப்புறம் அவரே ஏறி உட்கார்ந்து கொஞ்ச தூரம் ஓட்டிச் சட்டென்று பிரேக் போட்டார். ஈர மண்ணில் வண்டி நேராக நிற்காமல் ஒரு பக்கமாக இழுத்தது. திரும்பி வந்து, மேடாக இருந்த இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கினார்.

குட்டியானை மெதுவாக, ரொம்ப மரியாதையாக, பின்னால் நகர்ந்தது.

"பிரேக் பார்த்துட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான். அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

மாமா அப்படியே நின்றார். இரண்டு நாள் கழித்து ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் சாமான் ஏற்ற அட்வான்ஸ் வாங்கியிருந்தார். கொரோனா இரண்டு வருஷமாகத் தின்ற வருமானத்துக்குப் பிறகு வந்த முதல் பெரிய வாடகை. நடுவில் வேறு நாள் கிடைக்குமா என்பதும் தெரியாது.

வெளியே டீக்கடையில் ஒருவர் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். யாரும் கூப்பிடாமலே பேசினார். "பிரேக்குதானே அண்ணே? எல்லா வண்டிக்கும் சொல்றதுதான். ஒரு மூவாயிரம் ஆகும், பார்த்துக்கலாம். சாயந்தரம் பேப்பர் கைக்கு வரும்." அவர் எந்த ஆபீஸைச் சேர்ந்தவரும் இல்லை. ஆனால் எல்லா ஆபீஸ் வாசலிலும் இருப்பார்.

மாமா டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அவர் என்ன யோசிக்கிறார் என்று எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு வாடகை பதினோராயிரம். மூவாயிரம் போனாலும் எட்டு மிச்சம்.

எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில், ஸ்கூல் பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று ரோட்டில் விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் செத்துப்போனது. அந்த பஸ்ஸுக்கு எஃப்.சி. இருந்தது. புதுப்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதற்கப்புறம்தான் உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்து, பள்ளி வாகனங்களுக்கு என்று தமிழ்நாடு அரசு தனி விதிகள் போட்டு, வருஷா வருஷம் மே மாதத்தில் ஸ்கூல் பஸ்களை வரிசையில் நிறுத்திப் பார்க்கிற வழக்கம் வந்தது. மாமாவின் குட்டியானை வாங்கின வருஷமும் அதேதான். அதை மட்டும் சொன்னேன்.

மாமா டீக் கிளாஸை வைத்துவிட்டு அந்த ஆளிடம், "இங்கே நல்ல மெக்கானிக் யாருப்பா?" என்றார். அவர் ரொம்பச் சங்கடப்பட்டுப் போனார். மெக்கானிக் கடைக்கு வழி சொல்வதற்கு அவரிடம் கமிஷன் ரேட் கிடையாது போலிருக்கிறது.

மெக்கானிக் கண்டுபிடிக்க அரை மணி. இடது பின்சக்கரத்தைக் கழற்றினதும் அவர் எங்களைக் கூப்பிட்டார். வீல் சிலிண்டரின் ரப்பர் போய், பிரேக் ஆயில் கசிந்து, ஷூ முழுக்க ஊறிக் கிடந்தது. சக்கரத்தின் உள்பக்கத்தில் ஆயில் வழிந்த தடத்தின் மேலேயே அழகாக வெள்ளி பெயின்ட் அடித்திருந்தார் எங்கள் ஊர்ப் பெயின்டர்.

"எத்தனை நாளா இப்படி ஓட்டுறீங்க?"

மாமா பதில் சொல்லவில்லை. போன வாரம்தான் நெல் மூட்டையோடு மதனத்தூர்ப் பாலத்தில், முன்னால் ஒரு டவுன் பஸ், பின்னால் ஒரு மணல் லாரி என்று வந்திருந்தார். கீழே கொள்ளிடம். அவர் விரல்கள் அந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தன.

இரண்டு பக்கமும் சிலிண்டர் கிட், புது ஷூ, ஆயில் மாற்றிக் காற்று எடுத்தது, ஹேண்ட் பிரேக் கேபிள் டைட் செய்தது, கூலி எல்லாம் சேர்த்து அந்த மூவாயிரத்துக்குள்ளேயே முடிந்தது. ராத்திரி எட்டு மணி.

என் சிநேகிதன் ஒருவன் சிங்கப்பூரில் இருக்கிறான். அங்கே சொந்தக் காருக்கே மூன்று வயதானதும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை சோதனை, பத்து வயது தாண்டினால் வருஷா வருஷம். எல்லாம் மிஷின், உருளை மேல் சக்கரத்தை ஏற்றி பிரேக்கை அளந்துவிடுமாம். இங்கிலாந்தில் 1960-ல் பத்து வருஷப் பழைய கார்களுக்குச் சோதனை ஆரம்பித்தபோது, தேறாமல் போன வண்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயந்து, அடுத்த வருஷமே ஏழு வயதுக்கு இறக்கினார்களாம். நம் நாட்டிலும் 2021 செப்டம்பரில் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கு விதி வந்துவிட்டது. பெரிய வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் கட்டாயம் என்றார்கள். அப்புறம் 2024 அக்டோபர் என்றார்கள். தேதி நம் கொரோனாத் தவணை மாதிரியே நீண்டது. மிஷின் நல்லதுதான். அதுவரைக்கும் மழையில் நனைந்துகொண்டு மேட்டில் ஹேண்ட் பிரேக் போட்டுப் பார்க்கிற ஓர் இளைஞர் போதும் எங்களுக்கு.

மறுநாள் காலை முதல் ஆளாகப் போய் நின்றோம். அதே ஆய்வாளர். அதே மேடு. ஹேண்ட் பிரேக். குட்டியானை அசையவில்லை. "எங்கே பார்த்தீங்க?" என்று மட்டும் கேட்டார். மெக்கானிக் கடையைச் சொன்னோம். கையெழுத்துப் போட்டார்.

பந்தல் சாமான் ஒரு நாள் முன்னாலேயே ஜெயங்கொண்டம் போய்ச் சேர்ந்தது.

ஊருக்கு வந்ததும் மாமா பெயின்டரைக் கூப்பிட்டு, கதவுப் பக்கத்தில் புதுத் தேதியை எழுதச் சொன்னார். பெயின்டர் பழைய தேதியைச் சுரண்டிக்கொண்டே, "டிரம்முக்கு அடிச்ச சில்வர் எப்படி இருக்கு அண்ணே?" என்றார். மாமா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஐம்பது ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"2022 நவம்பர்னு போட்டிருக்கு. நீ அப்ப ஊர்ல இருப்பியா மாப்ளே?"

ஜனவரியிலிருந்து எல்லாரும் சென்னை ஆபீசுக்கு வந்துவிட வேண்டும் என்று மேனேஜர் மெயில் அனுப்பியிருந்தது காலையில்தான்.

"லீவு போட்டுட்டு வரேன் மாமா" என்றேன்.