உப்புக் காற்றிலே பச்சை வேலி

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் பூநாரை பார்க்கப் போவார்கள். டச்சுக்காரர் கல்லறைகளைப் பார்க்கப் போவார்கள். இல்லாவிட்டால் இறாலும் நண்டும் வாங்கப் போவார்கள். செடி பார்க்கப் போனேன் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். உப்பு ஏரியும் மணல் திட்டும் உள்ள ஊரில் தோட்டமாவது, துரவாவது!

பிரயாணம் ஒன்றும் சிரமமில்லை. சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். பொன்னேரி வரை ரயில், பிறகு பஸ். உவர்நீர் ஏரிகளில் நம் தேசத்தில் சிலிக்காவுக்கு அடுத்தது இதுதான். பெரும்பகுதி ஆந்திராவைச் சேர்ந்தது, தென்கோடிதான் நம்முடையது. டச்சுக்காரர்கள் 1613-ல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டியது இங்கேதான். அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நாம் குப்பங்களின் பக்கம் போவோம்.

கோட்டைக்குப்பம், கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று வரிசையாக மீனவர் குடியிருப்புகள். ஒரு வீட்டு வாசலில் இடுப்பளவு உயரத்தில் அடர்த்தியாக ஒரு வேலி. இலையெல்லாம் எண்ணெய் தடவியது போலப் பளபளப்பு; நடுநடுவே வெள்ளைப் பூக்கள், அவற்றிலிருந்து ஊதா நிறத்தில் நீண்ட மீசைகள். பட்டணத்தில் நான் வாங்கிய குரோட்டன்ஸ்கள் சித்திரை வெயிலில் கருகிப் போன நினைப்பு வந்தது.

"தினம் எத்தனை குடம் ஊற்றுவீர்கள், அம்மா?" என்று கேட்டேன்.

வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னாம்மா கேக்கறே? குடிக்கிற தண்ணியே கொடத்தை எண்ணித்தான் வருது. செடிக்கு யாரு ஊத்துவா? அது பாட்டுக்கு நிக்குது."

சுற்றிலும் தண்ணீர், குடிக்க மட்டும் அருமை! அந்த ஊரில் ஸ்திரீகளின் பொழுது குடத்தோடுதான் விடிகிறது. ஒரு குடத்தைக் கூடக் கேட்காத செடிக்குத்தான் அங்கே வாசலில் இடம்.

அந்த வேலியின் பெயர் சங்கங்குப்பி. பீநாறிச் சங்கு என்றும் சொல்வதுண்டு. உடனே மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். இலையைக் கசக்கினால்தான் வாடை. இலை கசப்பானதால் ஆடு வாய் வைப்பதில்லை, உப்புக் காற்றும் ஒன்றும் செய்வதில்லை. ஐப்பசி மழையில் முற்றிய குச்சிகளை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, அடிக்கு ஒன்றாக ஊன்றினால் போதும். கத்தரி போடப் போட அடர்ந்து வரும். மாடியில் தொட்டியிலும் வளரும்.

ஏரிக் கரைச் சேற்றிலே அலையாத்தி நிற்கிறது. உறிஞ்சிய உப்பை இலை வழியாகவே வெளியே தள்ளிவிடுகிற சாமர்த்தியம் அதற்கு உண்டு. இலையை நாக்கில் வைத்துப் பார்த்தேன், ஊறுகாய் கெட்டது! ஆனால் இதை வீட்டுக்குக் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். அலை அரிக்காமல் கரையைப் பிடித்துக்கொள்வதும், இறால் குஞ்சுகளுக்கு நிழல் தருவதும் அதன் வேலை.

இந்தச் சோழமண்டலக் கரையின் மணற்பாங்கான புதர்களுக்கே சொந்தமான இன்னொன்று மருள். கத்தி போல நிமிர்ந்த இலை, குறுக்கே கரும்பச்சைப் பட்டைகள். அந்த நாரில் முன்காலத்தில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். நர்சரிகளில் 'ஸ்நேக் பிளான்ட்' என்று விலை சொல்கிறார்களே, அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இதன் ஒன்றுவிட்ட சகோதரி. இரண்டுக்கும் பக்குவம் ஒன்றே: இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு செம்மண், அடியில் ஓட்டை உள்ள தொட்டி, மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர். மருள் செத்தால் பெரும்பாலும் தண்ணீர் மிகுந்து அழுகித்தான் சாகும். பூனை, நாய் உள்ள வீட்டில் மட்டும் எட்டாத இடத்தில் வையுங்கள். கடித்தால் வாந்தி எடுக்கும்.

2019-ல் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரிக்காகத் தெருவில் குடங்கள் வரிசை நின்றதே, அந்தக் கோடையில் எத்தனை பால்கனித் தோட்டங்கள் காய்ந்தன என்று நினைத்துப் பாருங்கள். பாத்திரம் அலசிய தண்ணீரில் ஒரு குவளை போதும் இவற்றுக்கு.

மருளின் இலையை மூன்று அங்குலத் துண்டுகளாக நறுக்கி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி நட்டால் வேர் விடும். அடிப்பக்கம் அடியிலேயே இருக்கவேண்டும். தலைகீழாக நட்டால் வேர் விடாது. மஞ்சள் ஓரம் போட்ட ஜாதியை மட்டும் இலையிலிருந்து பயிர் செய்யாதீர்கள். முளைப்பது வெறும் பச்சையாகத்தான் இருக்கும். மஞ்சள் வேண்டுமானால் கிழங்கோடு பிரித்துத்தான் நடவேண்டும்.